ஷட்டவுன் நாளில் பேட்டரியைச் சோதிப்பது

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதி நாளிதழ்களில் உள்ளூர்ச் செய்திகளுக்கு நடுவே 'நாளைய மின்தடை' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். துணை மின்நிலையத்தின் பெயர், அதன் கீழே ஊர்ப் பட்டியல், மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை. வீடுகளில் முந்தின நாளே தொட்டியை நிரப்பி வைத்துவிடுவார்கள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்காரர்கள் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்வார்கள். கைப்பேசி டவர் பராமரிப்பில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். பேட்டரிகளை ஏழு மணிநேரம் உண்மையான லோடில் ஓட்டிப் பார்க்க மின்வாரியமே தேதி குறித்துக் கொடுக்கிறது. அந்த ஷட்டவுன் நாளை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

பேனலில் தெரியும் 54 வோல்ட்

டவரிலும் எக்ஸ்சேஞ்சிலும் கருவிகள் ஓடுவது மைனஸ் 48 வோல்ட் டிசி மின்சாரத்தில். 2 வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாகக் கோத்தால் ஒரு பேங்க். இபி (மின்வாரிய) சப்ளை இருக்கும் நேரமெல்லாம் எஸ்எம்பிஎஸ் ரெக்டிபையர் ஒவ்வொரு செல்லுக்கும் 2.25 வோல்ட் வீதம், மொத்தம் 54.0 வோல்ட் கொடுத்து பேங்கை ஃப்ளோட்டில், அதாவது முழுச் சார்ஜில் தயாராக, வைத்திருக்கும். சைட்டுக்குப் போனவர் கதவைத் திறந்து, பேனலில் 54.0 இருப்பதைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். மாதாமாதம் இது நடக்கிறது.

அந்த 54.0 ரெக்டிபையர் பிடித்து நிறுத்தியிருக்கும் அளவு. பேட்டரி செத்துக்கொண்டிருந்தாலும் பேனல் அதைத்தான் காட்டும். 24 செல்லில் ஒன்று கெட்டு 2.10 வோல்டுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். மீதி 23 செல்களும் ஆளுக்குக் கொஞ்சம் ஏறி 2.257-இல் நிற்கும், கூட்டினால் மறுபடியும் 54.0. உள்ளே ஒரு செல்லின் இணைப்புப் பட்டை அரித்து அறுந்துபோயிருந்தால்கூட ரெக்டிபையர் தன் வோல்டேஜைக் காட்டிக்கொண்டே இருக்கும். பேங்குக்குள் கரண்ட் போகாமல் இருப்பது மட்டுமே அடையாளம். கட்டுத்தறியில் நிற்கும் காங்கேயம் காளையைப் பார்த்து அதன் இழுவையைச் சொல்ல முடியாது, வண்டியில் பூட்ட வேண்டும். பேட்டரியும் அப்படித்தான்: லோடு ஏற்றிப் பார்த்தால்தான் அதன் நிலை தெரியும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்பதை எஸ்எம்எஸ் மூலமும், கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகள் மூலமும் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் உருவாக்கியது. மழைநாளில் லைன் போய், டவரின் பேட்டரி அரைமணி நேரத்தில் கையை விரித்தால், வீடு திரும்பும் ஒருவருக்கு அந்தச் செய்தி போகாது. 108-க்கு அழைக்கும் தோட்டத்து வீட்டுக்கும் இதே நிலைதான்.

2012 சொல்லிக்கொடுத்தது

2012-இல் கொங்கு மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணிநேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை இங்கே தொழில் செய்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபவுண்டரிகளும் பம்ப்செட் பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் பட்ட கஷ்டம் பேசப்பட்டது. டவர் பேட்டரிகள் பட்ட பாடு பேசப்படவில்லை. ஃப்ளோட்டில் நின்று எப்போதாவது வேலை செய்வதற்காக வடிவமைத்த செல்கள் தினமும் பலமுறை இறங்கி ஏற வேண்டியிருந்தது.

இறங்கியதைவிட முழுதாக ஏறாமல் போனதே பெரிய கேடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேங்க், சைட் லோடு 40 ஆம்பியர், 50 ஆம்பியர் ரெக்டிபையர் மாட்யூல்கள் இரண்டு. இபி இருக்கும்போது 40 லோடுக்குப் போக 60 ஆம்பியர் சார்ஜுக்குக் கிடைக்கும். திறனில் பத்தில் ஒரு பங்கு வீதம் என்பது விஆர்எல்ஏ (மூடிய லெட்-ஆசிட்) செல்லுக்குச் சரியான அளவு. ஒரு மாட்யூல் போய்விட்டால் மிஞ்சுவது 10 ஆம்பியர். ஏழு மணிநேர ஷட்டவுனில் எடுத்த 280 ஏஎச்-ஐத் திருப்பிக் கொடுக்கவே 28 மணிநேரம் ஆகும். முழுச் சார்ஜ் என்றால் எடுத்ததைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகப் போட வேண்டும். அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். அரைகுறைச் சார்ஜில் கிடக்கும் தகட்டில் லெட் சல்பேட் கெட்டியான படிகமாக இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகத் திரும்பாது.

ஆகவே பேட்டரி சோதனை ரெக்டிபையரிலிருந்து தொடங்குகிறது. அலாரம் அடித்தும் மாற்றாமல் விட்ட ஒரு மாட்யூல், ஆறு மாதம் கழித்து 24 செல்களின் விலையாக வந்து நிற்கும்.

முந்தின நாள்

கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி அனுமதி வாங்குங்கள். டிஜி (டீசல் ஜெனரேட்டர்) செட்டில் டீசல் இருக்கிறதா, ஸ்டார்ட் ஆகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஜெனரேட்டர் தயாராக இல்லாத சைட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

பல சைட்டுகளில் இபி போன சில நிமிடங்களிலேயே டிஜி தானாக ஸ்டார்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் பேட்டரி வேலையே செய்யாது, நமக்கும் எதுவும் தெரியாது. அன்றைக்கு மட்டும் மொத்த வோல்டேஜ் 46-க்கு இறங்கும்போது டிஜி வரும்படி மாற்றி அமையுங்கள். லோடைத் துண்டிக்கும் எல்விடி அதற்கும் கீழே, பெரும்பாலும் 43-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே சேவை அறுபடாது. மாற்றியதைப் பதிவேட்டில் எழுதுங்கள். மாலையில் பழையபடி திருப்பி வைக்க அதுவே நினைவூட்டும்.

பேங்க் முழுச் சார்ஜில் இருப்பது முக்கியம். முந்தின ஒன்றிரண்டு நாளில் நீண்ட மின்தடை வந்திருந்தால் இந்தச் சோதனையின் எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஃப்ளோட்டில் இருக்கும்போதே 24 செல்களின் வோல்டேஜையும் ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். செல்லின் மேல் மார்க்கரால் 1 முதல் 24 வரை எண் எழுதியிருக்க வேண்டும். எண் இல்லாத பேங்கில் மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து எண்ணி மூன்று விதமாக எழுதிய பதிவேடு யாருக்கும் உதவாது.

கைக்கடிகாரம், மோதிரம், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில்தான் விபத்து நடக்கிறது. இரு முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பு உருகித் தெறிக்கும். பிடியில் இன்சுலேஷன் உள்ள கருவி, கண்ணாடி, கையுறை ஆகியவை இல்லாமல் பேங்கைத் தொட வேண்டாம். மூடிய ஷெல்டரில் கதவைத் திறந்து காற்றாட விட்டபிறகு உள்ளே போங்கள். சார்ஜ் ஆகும் செல் ஹைட்ரஜன் விடும்.

ஒன்பது மணி முதல்

லைன் போன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதற்குள் போயிருந்தால் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் போதும். "எட்டே முக்காலுக்கே போயிருச்சுங்க, மோட்டார் போட்டுட்டு இருந்தேன், நின்னுருச்சுங்க" என்று துல்லியமாகச் சொல்வார்கள்.

முதல் சில நிமிடங்களில் மொத்த வோல்டேஜ் சட்டென்று இறங்கி, பிறகு கொஞ்சம் மேலேறி ஒரு மட்டத்தில் நிலைக்கும். முழுச் சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரியின் இயல்பு அது. அதைப் பார்த்துப் பதறி டிஜியைப் போட்டுவிடாதீர்கள். அரைமணி நேரம் கழித்து எடுக்கும் எண்களே கணக்குக்கு ஆகும்.

அந்த அரைமணி நேரத்தில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பேங்குகள் பேரலலாக உள்ள சைட் என்றால் டிசி கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு பேங்கின் கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். ஒரே வயது, ஒரே அளவு பேங்குகள் லோடை ஏறக்குறையப் பாதிப்பாதியாகப் பகிர வேண்டும். 40 ஆம்பியரில் ஒன்று 28, மற்றது 12 என்று வந்தால் 12 கொடுக்கும் பேங்கில் ஏதோ கோளாறு: கெட்ட செல், தளர்ந்த லக், அரித்த கேபிள், மூன்றில் ஒன்று. இத்தனை சீக்கிரம் பலன் தரும் வேறு சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து செல் செல்லாக. லோடில் இருக்கும்போது ஒவ்வொன்றின் வோல்டேஜையும் மல்டிமீட்டரில் மூன்று தசம இடத்துக்கு எடுங்கள். 23 செல்கள் 2.020-இல் நிற்க, ஒன்று மட்டும் 1.930-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேனல் காட்டுவது 48.39. எல்லாமே நன்றாக இருந்தால் காட்டியிருக்க வேண்டியது 48.48. பத்தில் ஒரு வோல்ட்கூட வித்தியாசமில்லை! பேனலை நம்பியவருக்கு அந்தச் செல் கண்ணில் படவே படாது. செல் செல்லாக எடுத்தவருக்கு முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை இந்தச் சுற்றைச் செய்து, தனித்துக் கீழே போகும் செல்களை வட்டமிடுங்கள். மற்றவை மெல்ல இறங்க, ஒன்று மட்டும் சறுக்கிக்கொண்டு போனால் அதுதான் பேங்கின் ஆயுளைத் தீர்மானிக்கும் செல். எந்தச் செல்லாவது 1.75-ஐத் தொட்டால் அத்துடன் நிறுத்தி டிஜியைப் போடுங்கள். அதற்கும் கீழே இழுத்தால் மற்ற செல்களின் கரண்ட் அதன் துருவத்தையே தலைகீழாக்கி அதை மொத்தமாகக் கெடுத்துவிடும்.

இரண்டு செல்களை இணைக்கும் பட்டையையும் விடாதீர்கள். ஒரு செல்லின் ஈய முனையிலிருந்து அடுத்த செல்லின் ஈய முனைக்கு மில்லிவோல்ட் அளவில் எடுங்கள்; போல்ட்டின் தலையில் முள்ளை வைத்தால் தவறான எண் வரும். 40 ஆம்பியர் ஓடும்போது நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் விழும். அக்கம்பக்கத்தில் 4, 5 என்று இருக்க ஒரு இடத்தில் மட்டும் 40 வந்தால் அந்த இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. கழற்றி, சுத்தம் செய்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். லோடு ஓடும்போது அதைக் கழற்றக் கூடாது. டிஜி வந்து, பேங்கைத் தனிமைப்படுத்திய பிறகு மட்டுமே. கை பலத்தை நம்பி முறுக்கினால் ஈய முனையின் புரி போய்விடும்.

எக்ஸ்சேஞ்சுகளில் இன்னும் தண்ணீர் ஊற்றும் செல்கள் இருந்தால் ஹைட்ரோமீட்டர் எண்களும் சேர வேண்டும். பழைய டெலிபோன் ஊழியர்கள் சில பைலட் (மாதிரி) செல்களை மட்டும் வைத்து முழு அறையின் நிலையைச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதிய பதிவேடு அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பழக்கம் மூடிய செல்கள் வந்ததும் விட்டுப்போனது. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றதும் பார்க்கவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

நான்கு மணிக்கு மேல்

லைன் வந்ததும் மூட்டை கட்டாதீர்கள். சார்ஜ் கரண்ட் முதலில் மேல்வரம்பில் நின்று, சில மணிநேரத்துக்குப் பின் படிப்படியாகக் குறைய வேண்டும். சார்ஜ் தொடங்கியதுமே ஒரு செல் மட்டும் சரசரவென்று வோல்டேஜ் ஏறினால் அது சல்பேட் பிடித்த செல்லாக இருக்கலாம். ஒரு செல்லின் பக்கவாட்டு மட்டும் அக்கம்பக்கத்தைவிடச் சூடாக இருந்தால், உப்பியிருந்தால், அன்றைக்கே மேலே தகவல் சொல்லுங்கள்.

மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் ஃப்ளோட் கரண்டைப் பாருங்கள். முழுச் சார்ஜான நல்ல 600 ஏஎச் பேங்க் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். சாதாரண கிளாம்ப் மீட்டர் இவ்வளவு சின்ன அளவில் நம்பகமில்லை. ஷண்டின் குறுக்கே மில்லிவோல்ட் எடுத்துக் கணக்கிடுவது நல்லது. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் அது இன்னும் அவசரம்: சூடு கரண்டைக் கூட்ட, கரண்ட் சூட்டைக் கூட்ட, செல்கள் உருகிப் போகும் வரை அது நிற்காது.

கரூர் வெயிலும் ஊட்டிக் குளிரும்

நம் பகுதியின் பேட்டரிப் பராமரிப்பை மற்ற ஊரின் கையேட்டை வைத்து அப்படியே செய்ய முடியாததற்குக் காரணம் நிலப்பரப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சி ஒரு விதம். கோடையில் மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் ஈரோடும் கரூர் பரமத்தியும் இன்னொரு விதம். நீலகிரி முற்றிலும் வேறு. ஒரே குழு இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

இந்தியாவில் ஸ்டேஷனரி செல்களுக்கு அடிப்படை வெப்பநிலை 27 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் வீதம், அதாவது 24 செல்லுக்கு 72 மில்லிவோல்ட், ஃப்ளோட்டைக் குறைக்க வேண்டும். கீழே போனால் கூட்ட வேண்டும். ஷெல்டருக்குள் 40 டிகிரி என்றால் 53.06, ஊட்டியில் 12 டிகிரி என்றால் 55.08. எஸ்எம்பிஎஸ் இதைத் தானாகச் செய்யும், சென்சார் சரியான இடத்தில் இருந்தால். அந்தச் சென்சார் வயர் பேங்கின் நடுவே ஒரு செல்லில் ஒட்டியிருக்க வேண்டும். ஏசி காற்று வரும் இடத்தில் அந்தரத்தில் தொங்கினால் அறையின் குளிரைப் படித்து, சூடான செல்லுக்குக் கூடுதல் வோல்டேஜ் கொடுக்கும். போனதும் முதலில் அதைப் பாருங்கள்.

10 டிகிரி சூடு கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பரவலாக ஏற்ற கணக்கு. திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசியும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசியும் ஃபில்டரை அடைத்து ஷெல்டரைச் சூடாக்கும். ஃபில்டரைத் தட்டி மாட்டுவது பேட்டரி வேலை என்று யாரும் நினைப்பதில்லை. செல்லின் ஆயுளை அதைவிட மலிவாக நீட்டிக்க வழியில்லை.

வெப்பம் சோதனை முடிவையும் ஏமாற்றும். பத்து மணிநேர வீதத்தில், அதாவது பத்து மணிநேரத்தில் முழுதாக இறக்கும் வேகத்தில், ஒரு டிகிரிக்கு 0.43 சதவீதம் திறன் மாறும். மே மாதம் 38 டிகிரியில் சோதித்த பேங்க் ஏறக்குறைய 5 சதவீதம் நல்லதாகத் தெரியும். அதே பேங்கை மார்கழியில் குன்னூரில் வைத்தால் அந்த அளவு குறைவாகத் தெரியும். இரண்டையும் 27 டிகிரிக்குத் திருத்திய பிறகே ஒப்பிடுங்கள். திருத்திய திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பேங்கை மாற்றுவதே முறை. 80-க்குப் பின் சரிவு வேகமெடுக்கும்; இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடுவது சரியான கணக்கு ஆகாது.

ஏழு மணிநேர ஷட்டவுன் முழுத் திறன் சோதனைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 40 ஆம்பியர் லோடில் 280 ஏஎச் எடுக்கிறோம், 600-இல் பாதிக்கும் குறைவு. அது தாழ்ந்த செல்லைக் காட்டும், போக்கைக் காட்டும். சரியான சதவீதம் வேண்டுமென்றால் லோடு பேங்க் வைத்து, பத்து மணிநேர வீதத்தில் 1.75 வரை இறக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கும் பல டவர்களைத் தாங்கும் ஹப் சைட்டுக்கும் அதைத் தவறாமல் செய்யுங்கள்.

மீட்டரும் மானிட்டரும்

உள்மின்தடையை, அல்லது கண்டக்டன்ஸை, அளக்கும் கைக்கருவி லோடு இல்லாமலேயே ஒரு செல்லுக்குச் சில விநாடிகளில் எண் தரும். நல்ல கருவி. ஆனால் அது தரும் ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பேங்க் புதிதாகப் பொருத்திய சில மாதங்களுக்குள் எடுத்த அடிப்படை எண் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அதே கருவி, அதே முனை, முழுச் சார்ஜ், ஏறக்குறைய அதே வெப்பநிலை. அடிப்படையிலிருந்து விலகிக்கொண்டே போகும் செல்லை அடுத்த ஷட்டவுனில் முதலில் கவனியுங்கள்.

தொலைவிலிருந்தே கண்காணிக்கும் கருவிகளை ஒவ்வொரு செல்லுக்கும் பொருத்துவது ஹப் சைட்டுக்குத் தகும். சாதாரண டவருக்கு நான் பரிந்துரைப்பது நடுப்புள்ளி ஒயர். 12-ஆவது செல்லுக்கும் 13-ஆவது செல்லுக்கும் நடுவிலிருந்து ஒரு ஃப்யூஸ் வைத்த ஒயரை எடுத்துக் கன்ட்ரோலருக்குக் கொடுங்கள். இரண்டு பாதிகளும் சமமாக இறங்க வேண்டும். ஒரு செல் 1.2-க்கு விழுந்தால் ஒரு பாதி 24.0 இருக்க, மற்றது 23.2 காட்டும், கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடிக்கும். ஒயர் விலையில் முடியும் வேலை.

லித்தியம் பேங்குகளுக்கு இந்த அத்தியாயத்தின் பாதி பொருந்தாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் 3.2, 3.3 என்று தட்டையாகவே நிற்கும். அதைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பேங்கின் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎம்எஸ் கரண்டைக் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. நாள்போக்கில் அந்தக் கணக்கில் பிழை சேரும். எப்போதாவது முழுதாக ஏற்றி இறக்கினால்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். ஷட்டவுன் நாள் அதற்கும் உதவும். செல்களுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தை நடுவில் பார்ப்பதைவிட முழுச் சார்ஜை நெருங்கும்போது பார்ப்பது பயனுள்ளது.

மாற்றும்போது

ஒரு செல் மட்டும் கெட்டிருந்தால் அதே தயாரிப்பு, அதே திறன், ஏறக்குறைய அதே வயதுள்ள செல்லைப் போடுங்கள். ஐந்து வருடப் பழசான 23-க்கு நடுவே புத்தம்புதிய ஒன்றை வைத்தால் ஃப்ளோட்டில் வோல்டேஜ் சமமாகப் பிரியாது, புதிதும் கெடும். அதனால் ஒரு பேங்கை முழுதாகக் கழற்றும்போது அதில் நன்றாக இருந்த நான்கைந்து செல்களை எண், தேதி, கடைசிச் சோதனை வோல்டேஜ் எழுதி ஒதுக்கி, சார்ஜில் வைத்திருங்கள். அடுத்த வருடம் இன்னொரு சைட்டுக்கு அவை உதவும்.

மீதிச் செல்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை தயாரிப்பாளர் வழியாகவோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ போக வேண்டும். திறந்த உலையில் உருக்கும் ஈயத்தின் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரத்தத்தில்தான் போய்ச் சேர்கிறது. ஒப்படைத்த ரசீதைப் பதிவேட்டில் அந்தப் பேங்கின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் புதுப் பேங்கின் 24 செல்களின் முதல் நாள் எண்களை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.